சிலந்தி வீரனுக்கு என்ன வயது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'இளங்கன்று பயமறியாது' என்பது நம் முன்னோர் வாக்கு. கன்று பயமறியாது என்று சொன்ன அவர்கள், அந்தக் கன்றை ஏரில் பூட்டலாம் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுதப் புகுந்திருக்கிறேன்.

சென்ற பருவத் தேர்வு முடிந்த அன்று மாலை, எங்கள் விடுதியின் தொலைக்காட்சிக் கூடத்தில் தமிழ் பேசும் ஸ்பைடர்மேன் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது 2012ஆம் ஆண்டுப் படம். கதாநாயகன் தோளில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்து வருகிறான். வணிகவியல் படிக்கும் நண்பர் ஒருவர், "ஏன்டா, இவரு படிக்க வந்தவரா, பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. 2002இல் வந்தவரே உண்மையான சிலந்தி வீரன் என்றது ஒரு கட்சி. 2016இல் வந்த சிறுவனே சரி என்றது இன்னொரு கட்சி. 'வீரனுக்கு வயதென்ன, வாயென்ன? சண்டை நன்றாக இருந்தால் போதும்' என்றது மூன்றாவது கட்சி. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் வழக்குத் தீரவில்லை.

விளையாட்டாகப் பிறந்த அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சித்திரக்கதையிலிருந்து திரைக்கு வரும் இளம் வீரனுக்கு என்ன வயது இருக்க வேண்டும்? முகமூடி போட்டவனின் வயதை ஆராய ஆண்டு மலரில் இடம் வேண்டுமா என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணக்கூடும். 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியைப் பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்த கதையை அவர்களில் சிலரே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மன்னிப்பார்கள் என்ற துணிவில் தொடர்கிறேன்.

வீரன் பிறந்த கதை

1938இல் சூப்பர்மேன் தோன்றியபோது அவன் வளர்ந்த ஆண்மகன். செய்தித்தாளில் வேலை பார்ப்பவன். அடுத்த ஆண்டு வந்த பேட்மேன் பெரும் பணக்காரன். பத்து வயதும் பன்னிரண்டு வயதும் ஆன வாசகர்கள் அவர்களை அண்ணாந்து பார்த்தார்கள். சிறுவர்களுக்கும் கதையில் ஓர் இடம் வேண்டும் என்று எண்ணிய பதிப்பாளர்கள் 1940இல் பேட்மேனுக்கு ராபின் என்ற சிறுவனைத் துணை சேர்த்தார்கள். அதன் பிறகு சிறுவன் என்றால் எடுபிடி, பெரியவன் என்றால் வீரன் என்பது பெரும்பாலும் எழுதாத சட்டமாக இருந்தது.

அந்தச் சட்டத்தை உடைத்தவன்தான் பீட்டர் பார்க்கர். 1962 ஆகஸ்ட் என்று தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15ஆம் இதழில் அவன் பிறந்தான். எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. சிலந்தியை யாருக்கும் பிடிக்காது, பதின்வயதுப் பையன் உதவியாளனாக இருக்கலாமே தவிர நாயகனாக இருக்க முடியாது என்று பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் மறுத்ததாக ஸ்டான் லீ பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இதழோடு அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. எப்படியும் நிற்கப் போகிற பத்திரிகை என்பதால்தான் அந்தப் பையனுக்கு அதில் இடம் கிடைத்தது என்பார்கள். ஆனால் வாசகர்கள் அவனை விடவில்லை. 1963இல் அவன் பெயரிலேயே தனிப் பத்திரிகை வந்தது.

அவன் யார்? தாய் தந்தை இல்லாதவன். பென் என்ற பெரியப்பாவும் மே என்ற பெரியம்மாவும் வளர்க்கும் பிள்ளை. அறிவியலில் கெட்டிக்காரன், உடன் படிப்பவர்களின் கேலிக்கு ஆளானவன். கதிரியக்கம் ஏறிய சிலந்தி ஒன்று கடித்ததால் வல்லமை பெறுகிறான். வலை வீசும் கருவியைச் சிலந்தி தரவில்லை. தான் படித்த வேதியியலைக் கொண்டு தானே செய்துகொள்கிறான். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவன் பள்ளி மாணவனாகவே நின்றுவிடவில்லை. 1965இல் பள்ளியை முடித்துக் கல்லூரியில் சேர்ந்தான். 1987இல் அவனுக்குத் திருமணமும் நடந்தது. பிறகு பதிப்பகத்தாருக்கே அச்சம் பிடித்துக்கொண்டது போலும்! 2000ஆம் ஆண்டில் அவனை மீண்டும் 15 வயதுப் பையனாக்கி வேறொரு தொடரைத் தொடங்கினார்கள். மூலத் தொடரில் நடந்த திருமணத்தையும் 2007இல் தொடங்கிய ஒரு கதையில், பேய் ஒன்றின் மாயத்தால் நடக்காததாக்கிவிட்டார்கள். அவனுடைய வயதைப் பற்றிய சண்டை எங்கள் விடுதியில் மட்டும் நடப்பதன்று. அவனைப் படைத்த வீட்டிலேயே நடப்பது.

திரையில் ஏறிய வயது

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2002இல் சாம் ரெய்மி இயக்கிய படம் வெளிவந்தபோது நடிகர் டோபி மக்வயருக்கு வயது 26. 2012இல் மார்க் வெப் இயக்கிய படம் வெளிவந்தபோது ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு வயது 28. இருவருமே கதைத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2016இல் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் டாம் ஹாலண்ட் முதன்முறையாக இந்த வேடத்தில் வந்தபோது அவருக்கு வயது 19.

ராபினின் கணக்கு இதைவிட வேடிக்கையானது. 1943 தொடர்படத்தில் நடித்த டக்ளஸ் கிராஃப்ட் 16 வயதுப் பையன். 1949இல் நடித்த ஜானி டங்கனுக்கு வயது 25. 1966இல் தொலைக்காட்சியில் வந்த பர்ட் வார்டுக்கு 20. 1995இல் 'பேட்மேன் ஃபாரெவர்' படத்தில் நடித்த கிறிஸ் ஓ'டானலுக்கு 24. பெற்றோரை இழந்த பிள்ளையை இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொள்ளும் பேட்மேனாக அதில் நடித்த வால் கில்மருக்கு 35. பதினோரு வயதே மூத்த பாதுகாவலர்! அந்தப் பிள்ளைக்கு அடைக்கலம் தேவையா, அல்லது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு எண் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது.

'சிலந்தி கடித்து ஒருவன் சுவரில் ஏறுவதை நம்புகிறாய். 28 வயதுக்காரர் பள்ளி மாணவராக வருவதை நம்பமாட்டாயா?' என்று மூன்றாவது கட்சியினர் கேட்டார்கள். நல்ல கேள்வி. இயற்பியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதிரியக்கம் ஏறிய எதுவும் கடித்து எவருக்கும் வலிமை வந்ததில்லை, நோய்தான் வரும். ஆனால் கதை என்பது நம்மிடம் ஒரே ஒரு பொய்யைக் கடன் கேட்கிறது. 'இதை மட்டும் நம்பு, மற்றதெல்லாம் உள்ளபடி சொல்கிறேன்' என்கிறது. அந்த ஒரு பொய்யைச் சுற்றியுள்ள வாடகை, பசி, பள்ளிக்கூடம், பெரியம்மாவின் கவலை எல்லாம் மெய்யாக இருந்தால்தான் பொய்யும் நிற்கும். வயதிலும் பொய் சொன்னால் கடன் இரண்டாகிறது. இரண்டாவது கடனுக்கு ஈடு இல்லை.

தவறும் வயதும்

இது தோற்றத்தைப் பற்றிய வழக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். மீசையை மழித்தால் பத்து வயது குறையும் என்று விட்டுவிடலாம். என் வழக்கு வேறு.

ஸ்பைடர்மேன் கதையின் உயிர்நிலை ஒரு தவறு. வல்லமை வந்த புதிதில் பீட்டர் அதைக் காட்டிக் காசு பார்க்கிறான். ஒரு நாள் திருடன் ஒருவன் அவனைத் தாண்டி ஓடுகிறான். கை நீட்டினால் பிடித்துவிடலாம். 'எனக்கென்ன வந்தது' என்று விட்டுவிடுகிறான். அதே திருடனின் துப்பாக்கிக்குப் பெரியப்பா பலியாகிறார். 2002 படத்தில், பேசிய பணத்தைத் தராமல் ஏமாற்றிய மல்யுத்தப் போட்டி நடத்துநர் மீதுள்ள ஆத்திரத்தில் திருடனுக்கு வழிவிடுகிறான். 2012 படத்தில், சில்லறைக் காசு குறைந்ததற்காகத் தன்னை விரட்டிய கடைக்காரர் மீதுள்ள கோபத்தில் விட்டுவிடுகிறான்.

இந்தச் செயலைச் செய்பவன் 15 வயதுப் பையன் என்றால் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பருவத்தின் வீம்பு. நாளை என்று ஒன்று உண்டு என்பதை அந்த வயது அறியாது. அதே செயலை 26, 28 வயது முகத்தோடு ஒருவர் செய்யும்போது அது வளர்ந்த ஆளின் வஞ்சம் போலத் தெரிகிறது. செயல் ஒன்றுதான்; வயது மாறினால் பெயர் மாறிவிடுகிறது. பின்னால் அவன் படும் துயரமும் அப்படியே. வளர்ந்தவன் அழுதால் 'பட்டுத் தெளியட்டும்' என்போம். சிறுவன் அழுதால், இந்த வயதில் இவ்வளவு பெரிய சுமையா என்று நெஞ்சு பதைக்கும். அந்தப் பதைப்புத்தான் கதை.

மக்வயரின் நடிப்பை நான் குறை சொல்லவில்லை. 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் கல்லூரி மாணவன். வாடகை கட்ட முடியாமல் தவிக்கிறார். வீடு வீடாகப் பிட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறார். வகுப்புக்குத் தாமதமாக ஓடுகிறார். பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லும் காட்சியில் எங்கள் கூடமே அமைதியாக இருந்தது. அங்கே அவருடைய வயது உறுத்தவில்லை. உறுத்துவது முதல் தவறு நடக்கும் இடத்தில்தான்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்தறிந்தவன் நான். தபாலில் வருவது, கைப்பேசியில் வருவது, சொசைட்டியில் கொடுப்பது எல்லாவற்றையும் படித்துச் சொல்வது என் வேலை. வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத அந்த வல்லமை எனக்கு மட்டும் இருந்தது என்றால் மிகையில்லை. எனக்கு 15 வயதாக இருந்தபோது ஒரு மாலையில் அப்பா ஒரு துண்டு அறிக்கையை நீட்டி, "தம்பி, இது என்னன்னு பாரு" என்றார். வெளியே மட்டையோடு நண்பர்கள் நின்றிருந்தார்கள். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, எப்பவும் வர்றதுதான்" என்று சொல்லி ஓடிவிட்டேன். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று அதில் இருந்தது. அந்த நாள் கடந்தது. தை மாதத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா பெருமழையில் சாய்ந்து முளைத்தது. பக்கத்து வயல்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. எங்களுக்கு வரவில்லை.

நான் உண்மையைச் சொன்ன நாளில் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட குடுத்துட்டு நான் சும்மா இருந்தேன் பாரு, அது என் தப்பு" என்றார். அவர் என்னை மன்னித்தது என் வயதை வைத்து. ஆனால் அந்த மன்னிப்பு எனக்குப் போதவில்லை. அன்று முதல் இன்று வரை எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிக்காமல் நான் கீழே வைப்பதில்லை. மற்றவர்கள் மன்னிக்கிறார்கள், தானே தன்னை மன்னிக்க முடியவில்லை என்ற அந்த நிலையில்தான் பீட்டர் பார்க்கர் முகமூடி அணிகிறான். அவனை 28 வயது ஆக்கினால் முதல் பாதி போய்விடுகிறது. பிறர் மன்னிப்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. இதை எங்கள் விடுதிச் சண்டையில் என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அனுப்பியவர் யார்?

நாயகன் சிறுவன் என்று ஒப்புக்கொண்டவுடன் இன்னொரு கேள்வி எழுகிறது. அவனைச் சண்டைக்கு அனுப்பியவர் யார்? வளர்ந்த நடிகரை நிறுத்தினால் இந்தக் கேள்வி எழவே எழாது. 'அவர் பெரியவர், தாமே போனார்' என்று முடிந்துவிடும்.

2016 படத்தில் டோனி ஸ்டார்க் என்ற செல்வர் பீட்டரின் எளிய வீட்டுக்கு வருகிறார். பெரியம்மாவிடம் பையனுக்கு உதவித்தொகை கிடைத்திருப்பதாகச் சொல்கிறார். அது பொய். உண்மையில் அவனை ஜெர்மனிக்கு அழைத்துச் சென்று தம் பழைய நண்பர்களோடு மோத விடுகிறார். உதவித்தொகை என்ற சொல்லுக்கு ஏழை வீட்டில் என்ன மதிப்பு என்று இங்கே படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்புவாள். ஜான் வாட்ஸ் இயக்கிய 2017ஆம் ஆண்டுப் படத்தில் ஸ்டார்க்கே, பதினான்கு வயதுப் பையனைச் சேர்த்ததற்காகத் தம்மைப் பைத்தியக்காரன் என்றார்கள் என்று சொல்கிறார். பதினைந்து என்று பையன் திருத்துகிறான். அரங்கம் சிரிக்கும் இடம் அது. யோசித்தால் சிரிப்பு வராது. அதே படத்தில் இடிந்த கட்டடத்தின் அடியில் சிக்கிக்கொண்டு, யாராவது காப்பாற்றுங்கள் என்று பையன் கதறுகிறான். ஹாலண்டின் முகத்தில் அப்போது வீரம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பயம் இருக்கிறது. மூன்று நடிகர்களின் படங்களிலும், ஒரு சிறுவனைப் பார்க்கிறோம் என்று நான் முழுமையாக உணர்ந்த இடம் அதுதான்.

கம்பராமாயணத்தில் விசுவாமித்திரர் வந்து இராமனைக் கேட்கும்போது தசரதன் துடிக்கிறான். சிறுவன், படைப்பயிற்சி போதாதவன், வேண்டுமானால் நானே வருகிறேன் என்கிறான். வந்தவர் மாமுனிவராக இருந்தும் வயதைச் சொல்லி வாதாட ஒரு தந்தை இருந்தான். பீட்டருக்கு அந்தத் தந்தையும் இல்லை; பெரியம்மாவுக்கோ உண்மை தெரியாது.

சிறுவன் என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராபினின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1988இல், இரண்டாவது ராபினான ஜேசன் டாட் என்ற சிறுவன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று பதிப்பகத்தார் வாசகர்களிடமே கேட்டார்கள். தொலைபேசியில் வாக்களிக்க இரண்டு எண்கள் கொடுத்தார்கள். ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். பிழைக்கட்டும் என்றவை 5,271 வாக்குகள். சாகட்டும் என்றவை 5,343. வெறும் 72 வாக்கு வேறுபாட்டில் ஒரு சிறுவன் செத்தான். வாக்களித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு அவன் சிறுவனாகத் தெரியவில்லை; முகமூடியாகத் தெரிந்தான். முகமூடிக்கு வயதில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

எதிர்க்கட்சியினர் சொன்னவற்றில் நியாயமானவையும் உண்டு. அவற்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

'உண்மையிலேயே 15 வயதுப் பையனை நடிக்க வைத்தால் படப்பிடிப்பே நடக்காது' என்றார் ஒருவர். உண்மைதான். கலிபோர்னியாவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. சாப்ளினோடு 1921இல் 'தி கிட்' படத்தில் நடித்துப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, தான் சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றுத்தந்தையும் செலவழித்துவிட்டிருந்தார்கள். அவர் 1938இல் வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 1939இல் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்தது. அவர்களுடைய ஊதியத்தில் 15 விழுக்காட்டை அவர்கள் பெயரில் தனியே ஒதுக்க வேண்டும் என்பது இன்றைய விதி. 16, 17 வயதினரிடம்கூடப் பள்ளி நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். தயாரிப்பாளர்கள் வளர்ந்தவர்களைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சட்டத்தை நான் குறை கூறவில்லை; வரவேற்கிறேன். சிறுவனைச் சண்டைக்கு அனுப்பியவர் யார் என்று கதையில் கேட்டுவிட்டு, படப்பிடிப்பில் சிறுவனை வதைத்தால் அது எந்த நியாயம்?

2010இல் வந்த 'கிக்-ஆஸ்' படத்தில் கொலை செய்யும் சிறுமியாக நடித்த குளோயி மோரெட்ஸுக்குப் படப்பிடிப்பின்போது வயது 11. அவர் திறமையாகவே நடித்தார். ஆனாலும் அந்தச் சிறு வாயில் வைக்கப்பட்ட சொற்களைக் கேட்டுப் பலரும் முகம் சுளித்தார்கள். வயது பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கு அது சான்று.

'சிறுவன் நடித்தால் இரண்டாம் பாகத்துக்குள் வளர்ந்துவிடுவானே' என்றார் இன்னொருவர். வளரட்டுமே! ஹாரி பாட்டர் படங்களில் டேனியல் ராட்கிளிஃப் 2001இல் முதல் படம் வந்தபோது 12 வயதுப் பையன். 2011இல் கடைசிப் படம் வந்தபோது 22ஐ நெருங்கிய இளைஞர். பத்தாண்டுகள் உலகமே அவரோடு சேர்ந்து வளர்ந்தது. வளர்வது இளம் வீரனுக்குக் குறையன்று. அதுவே அவனுடைய கதை.

2019இல் வந்த 'ஷஸாம்' படம் வேறொரு வழியைக் கண்டது. 14 வயது பில்லி ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னால் வளர்ந்த வீரனாகிவிடுவான். சிறுவனுக்கு ஒரு நடிகர், வீரனுக்கு வேறொரு நடிகர். உடல் பெரிதானாலும் உள்ளே இருப்பவன் சிறுவனே என்பதை அந்தப் படம் நகைச்சுவையாகக் காட்டியது. ஆனால் இந்த வழி அந்தக் கதைக்கு மட்டுமே பொருந்தும். பீட்டருக்கு மந்திரச் சொல் இல்லை. அவன் அதே ஒல்லி உடம்போடுதான் அடி வாங்க வேண்டும்.

சுழியம் வாங்கிய மாணவன்

வயதை மிக நன்றாகக் காட்டிய படம் எது என்று கேட்டால், நடிகர் முகமே தெரியாத ஒரு படத்தைத்தான் சொல்வேன். 2018இல் வந்து, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' அது. அதன் நாயகன் மைல்ஸ் மொராலஸ். தந்தை கறுப்பினத்தவர், தாய் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். 2011இல் சித்திரக்கதையில் அவன் தோன்றியபோது 13 வயதுச் சிறுவன். படத்தில் குரல் கொடுத்த ஷமீக் மூர் அப்போது 23 வயதினர். ஆனால் ஓவியத்துக்கு வயது ஒரு தடையில்லை.

அந்தப் படத்தில் மைல்ஸ் தன் தெருவை விட்டு உயர்ந்த விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்படுகிறான். அங்கே தனக்கு இடமில்லை என்று எண்ணுகிறான். வெளியே அனுப்பிவிடட்டும் என்று, 'சரியா, தவறா' வகைத் தேர்வில் வேண்டுமென்றே எல்லா விடைகளையும் தவறாக எழுதிச் சுழியம் வாங்குகிறான். ஆசிரியை பிடித்துவிடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் பாதி சரியாக வருமே. முழுதும் தவறாக எழுத வேண்டுமென்றால் முழுதும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நிகழ்தகவு படித்தவர்கள் இதை ரசிக்கலாம்.

எனக்கு அது ரசனைக்குரிய காட்சியாக மட்டும் படவில்லை. இக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில், திரும்பி ஊருக்கே போய்விடலாமா என்று எண்ணாத முதல் தலைமுறை மாணவர் எத்தனை பேர்? தன்னால் முடியாது என்பதைத் தானே நிரூபித்துவிட்டால் பிறகு யாரும் எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்ற அந்தத் தந்திரம் பதின்வயதுக்கே உரியது. 28 வயதுக்காரர் அதைச் செய்தால் சோம்பேறி என்போம். சிறுவன் செய்யும்போதுதான் அதற்குள் இருக்கும் பயம் தெரிகிறது.

முடிவுரை

ஆக என் தீர்ப்பு இது. கதையில் இளம் வீரனுக்கு 15 வயது இருக்க வேண்டும். தவறு செய்வதற்கும், அத்தவறை உணர்ந்து தன் தோளில் ஏற்றிக்கொள்வதற்கும் ஒருசேரப் பொருந்தும் வயது அது. அதற்குக் கீழே போனால் தவறு அவனுடையதாகாது. மேலே போனால் மன்னிப்பு அவனுக்குரியதாகாது. நடிகருக்கு 18 அல்லது 19 வயது இருக்கலாம். சட்டப்படி தன் உழைப்புக்குத் தானே பொறுப்பேற்கும் வயது அது. முகத்தில் சிறுவனின் சாயலும் அப்போது முழுமையாகப் போயிருக்காது. அந்த வகையில் 2016இல் செய்த தேர்வே சரியான தேர்வு என்று நான் கருதுகிறேன். பிறகு அவன் வளர வேண்டும், வளர்ந்தும் காட்டினார்கள். 2021இல் வந்த 'நோ வே ஹோம்' படத்தின் முடிவில், தன்னை நினைவில் வைத்திருக்க ஒருவரும் இல்லாமல், சிறிய வாடகை அறையில், பள்ளிப் படிப்புக்கு இணையான தேர்வுக்குரிய புத்தகத்தோடு பீட்டர் தனியே நிற்கிறான். அந்தப் புத்தகத்தைப் பார்த்தபோது எனக்கு அவன் மீது வந்த மதிப்பு, அவன் தாவிய கட்டடங்களைப் பார்த்து வந்ததில்லை.

அதே படத்தில் மக்வயர், கார்ஃபீல்டு, ஹாலண்ட் மூவரும் ஒன்றாக வருகிறார்கள். முன்பு பள்ளி மாணவர்களாக நடித்த முதல் இருவரும் அதில் அண்ணன்மார் போல இளையவனின் அருகே நிற்கிறார்கள். பழிவாங்கத் துடிக்கும் அவனுடைய கையை மக்வயர் தடுக்கிறார். அப்போது அவர்களுடைய வயது எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! பெரியவர்களுக்குத் திரையில் வேலை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுடைய வேலை சிறுவனாக நடிப்பதன்று. சிறுவனின் பக்கத்தில் நிற்பது.

விடுதி நண்பர்கள் இதைப் படித்துவிட்டு மறுபடியும் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளிலும் தெருக்களிலும் வயதுக்கு மீறிய சுமையைச் சுமந்துகொண்டு, முகமூடி இல்லாமல் நடக்கும் 15 வயதுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். 'கெட்டிக்காரப் பையன், எல்லாம் பார்த்துக்கொள்வான்' என்று நாம் அவர்களைப் புகழ்கிறோம். புகழலாம், கூடவே வயதையும் கேட்போம். கன்று பயமறியாது. பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள்தாம் அதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும்.